சரிகமபதநி-யை 5,040 விதமாக மாற்றலாம்... ஒன்றுகூட விடுபடாமல் எழுதுவது எப்படி? - அடையாறு நூலகம் அச்சிட்ட 13-ஆம் நூற்றாண்டு அல்காரிதம்!

இன்று பைத்தான் படிக்கும் மாணவர்கள் ஒரே வரியில் செய்துவிடும் வேலை. 800 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இசை நூலாசிரியர் அதைக் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு செய்தார். இருவரின் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது ஆச்சர்யம்!

பெசன்ட் நகர் கலாக்ஷேத்ரா காலனியில், கடற்கரையை ஒட்டி இருக்கிறது அறுபடை வீடு முருகன் கோயில். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை என ஆறு படைவீட்டு முருகனையும் ஒரே வளாகத்தில் தரிசித்துவிடலாம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆறு சந்நிதிகளையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் சுற்றலாம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் எத்தனை வரிசைகள் சாத்தியம்? பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் டக்கென்று சொல்லிவிடுவார்கள். 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 720.

சரி, அந்த 720 வரிசைகளையும் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொன்னால்?

முதல் இருபது, முப்பது வரைக்கும் வேகமாகப் போகும். ஐம்பதைத் தாண்டும்போது 'இதை ஏற்கெனவே எழுதிட்டோமோ?' என்று சந்தேகம் வரும். ஒருவழியாக முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தால் 714 இருக்கும். விடுபட்ட ஆறு எவை? எழுதியதில் எத்தனை இரண்டு முறை வந்திருக்கின்றன? தேடக் கிளம்பினால், முதலிலிருந்து எழுதுவதே மேல் என்று தோன்றிவிடும்.

'எத்தனை?' என்று கேட்டால் ஒரு பெருக்கலில் விடை வந்துவிடுகிறது. 'எவை எவை?' என்று கேட்டால்தான் தலை சுற்றுகிறது. கம்ப்யூட்டர் அறிவியலில் இந்த இரண்டாவது கேள்விக்கென்றே ஒரு தனித்துறை இருக்கிறது. சாத்தியமான எல்லா வரிசைகளையும், எல்லாச் சேர்க்கைகளையும் விடுபடாமல், திரும்ப வராமல் உருவாக்கும் அல்காரிதங்கள்தான் அதன் பாடம்.

டெலிவரி ஊழியர் ஆறு வீடுகளுக்கு எந்த வரிசையில் போனால் தூரம் குறையும் என்று பார்ப்பதற்கும், ஒரு செயலியின் பட்டன்களை எந்த வரிசையில் அழுத்தினால் அது தடுமாறுகிறது என்று சோதிப்பதற்கும் அடிப்படை இதுதான். சோதனையில் ஒரே ஒரு வரிசை விடுபட்டுப்போய், கோளாறும் அந்த வரிசையில்தான் ஒளிந்திருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடிக்கப்போவது வாடிக்கையாளர்தான்!

பெசன்ட் அம்மையாரின் பக்கத்து வீட்டு நூலகம்

இந்தக் கதைக்கு பெசன்ட் நகரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

பகுதிக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட், 1907 முதல் 1933-ல் மறையும் வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். அந்தச் சபையின் தலைமையகம் பெசன்ட் நகருக்கு அருகிலேயே, அடையாறு ஆற்றங்கரையில், ஆலமரத் தோப்போடு இருக்கிறது. சபையின் முதல் தலைவரான கர்னல் ஆல்காட் 1886-ல் அங்கே தொடங்கியதுதான் அடையாறு நூலகம். ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்துவரும் இடம்.

அந்த நூலகம் 1943-ல் ஒரு பழைய சம்ஸ்கிருத இசை நூலின் முதல் தொகுதியை, இரண்டு உரைகளோடு அச்சிட்டு வெளியிட்டது. பதிப்பாசிரியர் பண்டிட் எஸ்.சுப்பிரமணிய சாஸ்திரி. 1953-க்குள் நான்கு தொகுதிகளும் வந்துவிட்டன. நூலின் பெயர் 'சங்கீத ரத்னாகரம்'. எழுதியவர் சாரங்கதேவர். 13-ஆம் நூற்றாண்டில், இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் தேவகிரியில், யாதவ மன்னர் சிங்கணரின் அவையில் இருந்தவர்.

இசை நூலில் கணக்குக்கு என்ன வேலை?

சுரங்கள் ஏழு. ச, ரி, க, ம, ப, த, நி. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தி எத்தனை வரிசைகள் அமைக்கலாம்? 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 5,040. சாரங்கதேவர் இந்த எண்ணிக்கையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 5,040-ஐயும் வரிசையாக எழுத ஒரு விதி தந்தார். அதற்குப் பெயர் 'பிரஸ்தாரம்'. விரித்து வைப்பது என்று பொருள்.

மூன்று சுரங்களில் பழகிப் பார்க்கலாம்

ஏழு சுரங்களில் தொடங்கினால் மூச்சு முட்டும். ச, ரி, க மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவற்றில் ச சிறியது, ரி அதைவிடப் பெரியது, க எல்லாவற்றையும்விடப் பெரியது. முதல் வரி, இயல்பான வரிசை: ச ரி க.

அடுத்த வரிக்கான விதியை இன்றைய மொழியில் சொன்னால் நான்கே படிகள்.

1. மேலே உள்ள வரியை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். தனக்கு இடப்பக்கத்தில் தன்னைவிடச் சிறிய சுரம் ஒன்று இருக்கும் முதல் சுரத்தில் நில்லுங்கள்.

2. அதற்கு நேர் கீழே, இடப்பக்கம் இருக்கும் சிறிய சுரங்களில் பெரியது எதுவோ அதை எழுதுங்கள்.

3. அதற்கு வலப்பக்கம் மேலே இருப்பதை அப்படியே இறக்குங்கள்.

4. இடப்பக்கம் காலியாக இருக்கும் இடங்களில், மிச்சமிருக்கும் சுரங்களை இயல்பு வரிசையில் நிரப்புங்கள்.

'ச ரி க'-வில் முதலில் நிற்க வேண்டிய இடம் ரி. அதற்கு இடப்பக்கம் சிறியதான ச இருக்கிறது. எனவே ரி-க்குக் கீழே ச. வலப்பக்கம் க அப்படியே. இடப்பக்கம் மீதி ரி. கிடைத்தது 'ரி ச க'. இப்படியே போனால்:

ச ரி க
ரி ச க
ச க ரி
க ச ரி
ரி க ச
க ரி ச

ஆறு வரிகள். கடைசி வரியில் எந்தச் சுரத்துக்கும் இடப்பக்கம் அதைவிடச் சிறிய சுரம் இல்லை. நிற்க இடம் கிடைக்காததால், வேலை முடிந்தது என்று விதியே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுத்த வரியை எழுதுவதற்கு, இப்போதைய வரியைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'இதை ஏற்கெனவே எழுதிட்டோமோ?' என்று பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டாம். விதியைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த வரியும் திரும்ப வராது. எதுவும் விடுபடாது.

லேப்டாப்பில் செய்தால்?

இதே வேலையை இன்று புரோகிராமாக எழுதுபவர்கள் பொதுவாக மூன்று கட்டங்களைக் கடக்கிறார்கள்.

முதல் கட்டம், 'ஃபார் லூப்'. ஏழு இடங்களுக்கு ஏழு லூப். ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி, ஒரே சுரம் இரண்டு முறை வந்தால் தள்ளிவிடுவது. வேலை நடக்கும். ஆனால், 7-ஐ ஏழு முறை பெருக்கினால் 8,23,543. இத்தனையையும் உருவாக்கிப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வது வெறும் 5,040. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குப்பைக்குப் போகிறது. ஏழு சுரத்துக்குக் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். பன்னிரண்டு பொருள்கள் என்றால், சோதிக்க வேண்டியவை 8.9 லட்சம் கோடி!

இரண்டாவது கட்டம், தன்னைத்தானே அழைக்கும் 'ஃபங்ஷன்'. முதல் இடத்தில் ஒரு சுரத்தை வைத்துவிட்டு, மீதி ஆறுக்கும் அதே வேலையை அதே ஃபங்ஷனிடம் ஒப்படைப்பது. குப்பை இல்லை. வேலை வாய்ப்பு நேர்காணல்களில் அடிக்கடி எழுதச் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது கட்டம், தயாராக இருப்பதை எடுத்துக்கொள்வது. பைத்தான் மொழியில் 'இட்டர்டூல்ஸ்' என்ற தொகுப்பில் 'பெர்முட்டேஷன்ஸ்' என்ற கருவி இருக்கிறது. 2008-ல் வந்த பைத்தான் 2.6 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 'நெக்ஸ்ட் பெர்முட்டேஷன்' என்றே ஒரு கருவி உண்டு. பெயரே சொல்வதுபோல, இப்போதைய வரியைக் கொடுத்தால் அடுத்த வரியைத் தரும்.

சி பிளஸ் பிளஸ் கருவி வலமிருந்து பார்க்கும். சாரங்கதேவர் இடமிருந்து பார்த்தார். அது தேடுவது பெரியதை. இவர் தேடியது சிறியதை. கண்ணாடியில் பார்க்கும் பிம்பம் மாதிரி, மற்றபடி இரண்டும் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பைத்தான் கருவியிடம் சுரங்களைத் தலைகீழாக, நி, த, ப, ம, க, ரி, ச என்ற வரிசையில் கொடுங்கள். வரும் ஒவ்வொரு வரியையும் வலமிருந்து இடமாகத் திருப்பிப் படியுங்கள். 5,040 வரிகளும் பிரஸ்தார வரிசையிலேயே வந்து நிற்கும்.

தமிழில் எழுதினால் வரும் வம்பு!

இங்கே தமிழ் எழுத்துக்கென்றே ஒரு பொறி காத்திருக்கிறது. 'சரிகமபதநி' என்று ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து கருவியிடம் கொடுத்தால் 5,040 வராது. 3,62,880 வரும்!

காரணம், யூனிகோடில் 'ரி' என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. 'ர' தனி, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி தனி. 'நி'யும் அப்படித்தான். நம் கண்ணுக்கு ஏழு எழுத்துகள். கம்ப்யூட்டருக்கு ஒன்பது துண்டுகள். ஒன்பதை மாற்றி அடுக்கினால் 3,62,880 வரிகள். பல வரிகளில் கொக்கி மட்டும் தனியாக வந்து, 'ர'வை விட்டுவிட்டு 'ம'வில் போய் ஒட்டிக்கொண்டு 'மி' என்று புது சுரம் பாடும்!

தீர்வு எளிது. சொல்லாகக் கொடுக்காமல், ஏழு சுரங்களையும் தனித்தனியாகப் பிரித்து ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். நீளமான தமிழ்ச் சொற்களை இப்படி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தருவதற்கு 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு பைத்தானில் கிடைக்கிறது. தமிழ்ச் சொல் விளையாட்டுச் செயலி எழுத நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இது.

அடுத்த பொறி, நினைவகம். கருவி வரிகளை ஒவ்வொன்றாகத்தான் தருகிறது. கேட்கும்போது ஒன்று, மறுபடி கேட்டால் அடுத்தது. அந்த வரை பிரச்னை இல்லை. 'எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகச் சேர்த்து வை' என்று சொல்லிவிட்டால் வந்தது வினை. 12 பொருள்களுக்கு 47,90,01,600 வரிகள். பைத்தானில் இவற்றைச் சேர்த்துவைக்க 60 ஜிபிக்கு மேல் நினைவகம் வேண்டும். சாதாரண லேப்டாப் அப்படியே உறைந்துவிடும்.

இந்தக் கவலையும் புதிதல்ல. செய்யுளின் குறில், நெடில் அமைப்புகளை இப்படி விரித்து எழுதும் வழக்கம் இசைக்கு முன்பே சம்ஸ்கிருத யாப்பில் இருந்தது. பிங்கலரின் சந்த சூத்திரம்தான் அதற்கு வேர். அந்த மரபில் 'அத்வயோகம்' என்று ஒரு கணக்கு உண்டு. எல்லா வரிகளையும் எழுத எவ்வளவு இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது!

65 என்றதும் கல்யாணி... எப்படி?

எல்லாவற்றையும் எழுதிவைக்க இடம் இல்லை. சரி, வேண்டிய ஒன்றை மட்டும் நேராகப் போய் எடுக்க முடியுமா?

பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 72 மேளகர்த்தா ராகங்கள். வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் வகுத்த திட்டம்.

ச, ப இரண்டும் மாறாது. மத்யமம் 2 வகை. ரிஷபமும் காந்தாரமும் சேர்ந்த ஜோடி 6 வகை. தைவதமும் நிஷாதமும் சேர்ந்த ஜோடி 6 வகை. 2 × 6 × 6 = 72. புரோகிராம் எழுதுபவர் கண்ணுக்கு இது மூன்று லூப். வெளியே மத்யமம், நடுவில் ரி-க, உள்ளே த-நி.

வரிசை இப்படி ஒழுங்காக இருப்பதால், எண்ணைச் சொன்னால் ராகத்தின் சுரங்களைச் சொல்லிவிடலாம். 65-ஐ எடுத்துக்கொள்வோம். முதல் 36 ராகங்கள் சுத்த மத்யமம். 65-ல் 36 போனால் 29. ஆகவே, பிரதி மத்யமம். 29-ல் ஆறு ஆறாக நான்கு முறை கழித்தால் மிச்சம் 5. நான்கு சக்கரங்கள் தாண்டியாகிவிட்டது. எனவே, ஐந்தாவது ரி-க ஜோடி: சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். மிச்சம் 5 என்பதால் ஐந்தாவது த-நி ஜோடி: சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம். மேசகல்யாணி! 

பிற்காலத்தில் வைத்த பெயரிலும் எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி முறையில் 'ம' வரிசைக்கு 5, 'ச' வரிசைக்கு 6. திருப்பிப் போட்டால் 65. 72 ராகங்களின் பட்டியலை மனப்பாடம் செய்யாமலே, பெயரிலிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து சுரங்களுக்கும் போய்விடலாம்.

தொலைந்த வரியும் கண்டமேருவும்

சாரங்கதேவர் இதே வசதியை 5,040 வரிகளுக்கும் செய்து தந்தார். இரண்டு கேள்விகள். ஓலையில் ஒரு வரி அழிந்துவிட்டது, அதன் எண் மட்டும் தெரியும். வரி என்ன? இதற்குப் பெயர் 'நஷ்டம்'. தொலைந்தது என்று அர்த்தம். வரி கையில் இருக்கிறது, அது எத்தனையாவது? இது 'உத்திஷ்டம்'. சுட்டப்பட்டது.

இரண்டுக்கும் அவர் போட்ட அட்டவணைதான் 'கண்டமேரு'. ஏழு நிரல்கள்.

முதல் நிரல்: 1
இரண்டாவது: 0, 1
மூன்றாவது: 0, 2, 4
நான்காவது: 0, 6, 12, 18
ஐந்தாவது: 0, 24, 48, 72, 96
ஆறாவது: 0, 120, 240, 360, 480, 600
ஏழாவது: 0, 720, 1440, 2160, 2880, 3600, 4320

ஒவ்வொரு நிரலிலும் ஒரு கட்டத்தில் ஒரு கூழாங்கல்லை வைத்து, கல் இருக்கும் எண்களைக் கூட்டினால் 1 முதல் 5,040 வரை எந்த எண்ணையும் உருவாக்கலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வழிதான். எல்லா நிரலிலும் கடைசிக் கட்டத்தில் கல்லை வைத்துக் கூட்டிப் பாருங்கள். 1 + 1 + 4 + 18 + 96 + 600 + 4320. சரியாக 5,040!

1,000-ஆவது வரி எது என்று கண்டுபிடிப்போமா?

மேலே மூன்று சுரப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். முதல் இரண்டு வரிகள் க-வில் முடிகின்றன. அடுத்த இரண்டு ரி-யில், கடைசி இரண்டு ச-வில். ஏழு சுரத்திலும் அப்படித்தான். முதல் 720 வரிகள் நி-யில் முடியும், அடுத்த 720 த-வில், அதற்கடுத்த 720 ப-வில். ஆக, ஏழாவது நிரலில் கல் எத்தனை கட்டம் இறங்குகிறதோ, கடைசிச் சுரம் நி-யிலிருந்து அத்தனை படி இறங்கும். அடுத்து ஆறாவது நிரல், மீதமுள்ள ஆறு சுரங்கள். இப்படியே கீழே வர வேண்டும்.

1,000 = 720 + 240 + 24 + 12 + 2 + 1 + 1.

720 ஒரு படி: நி-யிலிருந்து ஒன்று இறங்கினால் த. அதுதான் கடைசிச் சுரம்.
240 இரண்டு படி: மீதி ச, ரி, க, ம, ப, நி. மேலிருந்து இரண்டு இறங்கினால் ம.
24 ஒரு படி: மீதி ச, ரி, க, ப, நி. ஒன்று இறங்கினால் ப.
12 இரண்டு படி: மீதி ச, ரி, க, நி. இரண்டு இறங்கினால் ரி.
2 ஒரு படி: மீதி ச, க, நி. ஒன்று இறங்கினால் க.
1 ஒரு படி: மீதி ச, நி. ஒன்று இறங்கினால் ச.
கடைசி 1: மிச்சமிருப்பது நி.

பின்னாலிருந்து நிரப்பினோம். இடமிருந்து படித்தால், 1,000-ஆவது வரி: நி ச க ரி ப ம த.

முன்னால் இருக்கும் 999 வரிகளில் ஒன்றைக்கூட எழுதவில்லை. புரோகிராமாக எழுதினால், ஒரு லூப்புக்குள் ஒரு வகுத்தல், ஒரு மீதி. அவ்வளவுதான். பைத்தான் கருவியிடம் 1,000-ஆவது வரியைக் கேட்டால், முந்தைய 999 வரிகளையும் உருவாக்கித் தள்ளிவிட்டுத்தான் தரும். கண்டமேரு நேராகப் போய்விடுகிறது.

இந்த வழியில் எழுதிப் பார்ப்பவர்கள் அடிக்கடி சறுக்குவது ஒரே இடத்தில்தான். கம்ப்யூட்டர் 0-விலிருந்து எண்ணும். எனவே, 1,000-ஆவது வரிக்கு 999-ஐத்தான் பிரிக்க வேண்டும். மறந்தால் பக்கத்து வரி வந்துவிடும். கண்டமேருவின் முதல் நிரலில் தனியாக நிற்கும் அந்த '1', இந்தச் சறுக்கலைச் சரிக்கட்டத்தான் இருக்கிறது.

மீண்டும் படித்த கணிதக்காரர்கள்

அடையாறு பதிப்பைப் பல தலைமுறை இசைக் கலைஞர்களும் ஆய்வாளர்களும் படித்திருக்கிறார்கள். அதிலுள்ள கணக்கை விரிவாக எடுத்து எழுதியவர்களில் சென்னைக் கணிதக்காரர்கள் முக்கியமானவர்கள். ராஜா ஸ்ரீதரன், ஆர்.ஸ்ரீதரன், எம்.டி.ஸ்ரீனிவாஸ் மூவரும் சாரங்கதேவரின் முறைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, 2010-ல் வந்த இந்தியக் கணித வரலாற்றுத் தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. தொகுப்பாசிரியர் சி.எஸ்.சேஷாத்ரி. தி.நகரில் 1989-ல் தொடங்கி, இன்று சிறுசேரியில் இயங்கும் சென்னை கணிதவியல் கழகத்தை உருவாக்கியவர். உலகறிந்த கணித மேதை. கர்னாடக இசையை முறையாகக் கற்றுப் பாடியவரும்கூட!

இது சாரங்கதேவரோடு முடிந்துவிடவும் இல்லை. 1356-ல் நாராயண பண்டிதர் எழுதிய 'கணித கௌமுதி'யில், இப்படி அடுக்கும் கணக்குகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் அறிவியலின் பெரியவர் டொனால்டு நூத், அல்காரிதங்கள் பற்றிய தன் பெரும் நூலில், வரிசை மாற்றங்களை அகரவரிசையில் உருவாக்கும் அடிப்படை முறை 14-ஆம் நூற்றாண்டு இந்தியாவின் நாராயண பண்டிதர் வரை பின்னோக்கிப் போகிறது என்று பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் கண்டமேருவைப் போலவே எண்களைப் பிரிக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.

'அப்படியானால் கம்ப்யூட்டரையே நாம்தான் கண்டுபிடித்தோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு கிளம்பிவிடும் ஆபத்து இருக்கிறது. அது உண்மை இல்லை. சாரங்கதேவர் எந்திரம் எதையும் கனவு காணவில்லை. பைத்தானை எழுதியவர்கள் அவரைப் படித்துவிட்டு எழுதவும் இல்லை. விடுபடாமல் எழுத வேண்டும் என்ற ஒரே தேவை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு மனிதர்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. உண்மையான பெருமைக்கு அதுவே போதும். மிகைப்படுத்தத் தேவையில்லை. ஏனென்றால், இந்தப் பெருமையை யார் வேண்டுமானாலும் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் எழுத ஆசைப்படலாமா?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 20 பொருள்களை மாற்றி அடுக்கினால் வரும் வரிசைகள், விநாடிக்கு 100 கோடி வீதம் உருவாக்கினாலும் முடிய 77 ஆண்டுகள் ஆகும். இன்று பிறந்த குழந்தை கொள்ளுப்பேரனைப் பார்த்துவிடும். எவ்வளவு வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாலும், பொருள் ஒன்று கூடும்போது வேலை இருபது மடங்கு, இருபத்தொரு மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும்.

அதனால்தான் இந்தத் துறையில் கை தேர்ந்தவர்கள், எல்லாவற்றையும் உருவாக்குவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். 'எல்லாம் வேண்டுமா, அல்லது 1,000-ஆவது மட்டும் போதுமா?' ரெடிமேட் கருவி வரிகளை அள்ளிக் கொடுக்கும். இந்தக் கேள்வியை அது கேட்காது. ஏஐ-யிடம் கேட்டு ஒரு நொடியில் புரோகிராம் வாங்கிவிடலாம். ஆனால், லேப்டாப் உறைந்து நிற்கும்போதும், ஏழு சுரம் ஒன்பதாக உடையும்போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தான் சரிசெய்ய முடியும். மூன்று சுரத்தை ஒரு முறை கையால் எழுதிப் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

இனி அறுபடை வீடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. திருப்பரங்குன்றம் 1, திருச்செந்தூர் 2, பழனி 3, சுவாமிமலை 4, திருத்தணி 5, பழமுதிர்சோலை 6 என்று எண் கொடுத்துக்கொள்ளுங்கள். 720 வரிசைகளில், பிரஸ்தார முறைப்படி 500-ஆவது வரிசை எது? கண்டமேருவின் முதல் ஆறு நிரல்கள் போதும். பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

(விடை: 500 = 480 + 0 + 18 + 0 + 1 + 1. வரிசை: சுவாமிமலை, பழனி, திருத்தணி, திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை, திருச்செந்தூர்.)